புதுப்பேட்டையில் ஒரு மூக்கு வாங்கிய கதை!

'புதுப்பேட்டை'ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கொக்கி குமாரா? அது 2006-ல் வந்த செல்வராகவன் படம் பாஸ்! நான் உங்களைக் கூட்டிட்டுப் போகப்போறது நிஜப் புதுப்பேட்டைக்கு. கையில் ஒரு பழைய துணி, அழுக்கானாலும் பரவாயில்லைங்கிற ஒரு செருப்பு, பேரம் பேசக் கொஞ்சம் பொறுமை... மூணும் இருக்கா? கிளம்பலாம்.

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கூவம் இருக்கும் பக்கமா இருபது நிமிஷம் நடந்தால் போதும். கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் வழிகூடக் கேட்க வேண்டாம். முதலில் காதுக்கு வரும், சுத்தியல் சத்தம். அடுத்து மூக்குக்கு வரும், கிரீஸும் டீசலும் வெல்டிங் புகையும் கலந்த வாசனை. ஆதித்தனார் சாலைப் பக்கம், லேங்ஸ் கார்டன் ரோடு பக்கம், நடுவில் கிளம்பும் சந்துகள்... எங்கே திரும்பினாலும் வண்டிதான். ஆனால், முழு வண்டி கிடையாது! கதவு தனியாகத் தொங்கும். ஹெட்லைட் தனியாக முறைக்கும். சைலன்சர்களை வாழைத்தார் மாதிரி அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒரு கடையில் டேங்க் மட்டும். அடுத்த கடையில் கியர் பாக்ஸ் மட்டும். புது ஸ்பேர் வேணும்னா அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகணும். உயிர்விட்ட வண்டியின் உறுப்பு வேணும்னா, இங்கேதான் வரணும்.

நாங்க வந்தது ஒரு என்ஜினுக்காக. திரும்பிப் போனது ஒரு மூக்கோட. நடுவில் என்ன நடந்ததுன்னு சொல்றேன், கேளுங்க.

ஹீரோ என்ட்ரி!

என் ரூம் மேட். பெயர் வேண்டாமே... 'ஹீரோ'ன்னு வெச்சுக்குவோம். அவன்கிட்ட 2018 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500 ஒண்ணு இருக்கு. அவனோடது இல்லை, அவன் அண்ணனோடது. அண்ணன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்பும்போது, "பத்திரமா பார்த்துக்கடா, பொங்கலுக்கு வர்றேன்"னு சாவியைக் கொடுத்துட்டுப் போனார். ஹீரோ பார்த்துக்கிட்டான். பார்த்துப் பார்த்து, அவனுக்கு ஒரு ஆசை வந்துடுச்சு. 500-ஐ 535 ஆக்கணும்!

இது வெறும் கனவு இல்லை மக்களே. கணக்கு இருக்கு. புல்லட் குடும்பத்தோட 500 சி.சி. என்ஜினில் பிஸ்டனோட அகலம் 84 மில்லிமீட்டர். அது மேலே கீழே போற தூரம் 90 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 499 சி.சி. 2013-ல் இதே கம்பெனி 'கான்டினென்டல் ஜி.டி.'ன்னு ஒரு பைக் விட்டாங்க. அதில் தூரம் அதே 90, அகலம் மட்டும் 87. அதுதான் 535. அதாவது ஜி.டி.யோட பிளாக்கையும் பிஸ்டனையும் கொண்டுவந்து 500-ல் உட்கார வெச்சால், 36 சி.சி. கூடும். உலகம் பூரா புல்லட் பைத்தியங்கள் செய்ற வேலைதான் இது.

ஆனால், ஜி.டி. 535 இப்போ தயாரிப்பில் இல்லை. 500-ம் 2020-ல் நின்னு போச்சு. 1950-களில் ராணுவத்துக்காக இதே சென்னையில், திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பிச்ச கதையெல்லாம் பெருமையாப் பேசலாம். ஆனா நின்னுபோன மாடலுக்கு பிளாக் வேணும்னா? வா ராஜா, புதுப்பேட்டைக்கு!

கேட்டரிங் வேலைக்குப் போய், கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறி ஒரு வருஷமாச் சேர்த்த பணம் ஹீரோ பாக்கெட்டில். மார்கழி மாசம், சனிக்கிழமை காலை. கிளம்பிட்டோம்.

"மரை ஏறுதா பாருங்க தம்பி!"

மூணாவது கடையிலேயே பிளாக் கிடைச்சது. உள்ளே கீறல் இல்லை. பிஸ்டனும் அதே பிளாக்கோட ஜோடி. ஹீரோ முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு! இங்கே ஒரு பிரச்னை. ரெண்டு நாள் முன்னாடி, என்ஜினைக் கழட்டும்போது பெண்ட் பைப்பில் இருந்த ஆக்சிஜன் சென்சாரை ஸ்பானர் போட்டு முரட்டுத்தனமாத் திருகி, தலையை உடைச்சு வெச்சிருந்தான் நம்ம ஆள். "அது என்ன மச்சி, சின்ன சாமான்தானே... கூடவே வாங்கிடலாம்."

அது என்ன சாமான்னு தெரியாதவங்களுக்கு: சைலன்சருக்கு முன்னாடி வரும் வளைந்த குழாயில், ஸ்பார்க் பிளக் மாதிரியே ஒண்ணு ஒயரோட செருகியிருக்கும். புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்குன்னு மோந்து பார்த்து, வண்டியோட மூளையான ஈ.சி.யூ.வுக்குச் சொல்றது அதோட வேலை. அதை வெச்சுத்தான் பெட்ரோலைக் கூட்டலாமா குறைக்கலாமான்னு மூளை முடிவெடுக்கும். 1976-ல் பாஷ் கம்பெனி தயாரிப்புக்குக் கொண்டுவந்த ஐடியா. நம்ம ஊரில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தப்புறம், கார்புரேட்டர்கள் விடைபெற, சாதாரண கம்யூட்டர் பைக்கிலேயே இந்த மூக்கு வந்துடுச்சு. உங்க பைக்கிலும் இருக்கலாம். குனிஞ்சு பாருங்க!

ஒரு கடையில் டால்டா டப்பா நிறைய சென்சார் வெச்சிருந்தாங்க. கார், பைக், எதிலிருந்து வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. "எல்லாம் ஒண்ணுதான் தம்பி. மரை ஏறுதா பாருங்க, போதும்"னார் கடைக்காரர். ஒண்ணை எடுத்தோம். மரை பெருசு. "அதுக்கென்ன, அடாப்டர் போட்டுக்கலாம்"னு அதையும் கொடுத்தார். கப்ளர் வேற மாதிரி. "பழைய கப்ளரை வெட்டி இதில் ஜாயின்ட் பண்ணிக்கோங்க. கறுப்போட கறுப்பு, வெள்ளையோட வெள்ளை. எல்.கே.ஜி. பையன்கூடச் செய்வான்!"

எல்.கே.ஜி. பையனை விட நாங்க என்ன குறைச்சலா?

சாவியைத் திருப்பாதே!

சந்துக்குள்ளே ஒரு மெக்கானிக் பாய் இருக்கார். கடைன்னு சொல்ல முடியாது. ஒரு தகர ஷீட், ஒரு பெஞ்ச், ஒரு மல்டி மீட்டர். அங்கேதான் வண்டியை ஓரம்கட்டி இருந்தோம். மூணு நாளில் 535 பிளாக் ஏறிடுச்சு. சென்சாரை மட்டும் "நாங்களே பண்றோம் பாய்"னு சொல்லி, ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுத்தி முடிச்சோம். ஹீரோ சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சாவியில் கை வெச்சான்.

"இன்னாப்பா பண்ற? சாவியத் திருப்பாத!"

டீ கிளாஸோட ஓடி வந்தார் பாய். டேப்பைப் பிரிச்சார். பெஞ்சில் ரெண்டு சென்சாரை எடுத்துப் போட்டார். அன்னிக்கு அவர் எடுத்த கிளாஸ், எங்க காலேஜில் எந்த லேபிலும் எடுத்தது இல்லை.

"இது பாஷ். இது டென்சோ. ரெண்டும் நாலு ஒயர். பாஷ்ல வெள்ளை ரெண்டும் ஹீட்டரு, கறுப்பு சிக்னலு, சாம்பல் கிரவுண்டு. டென்சோல கறுப்பு ரெண்டும் ஹீட்டரு, நீலம் சிக்னலு, வெள்ளை கிரவுண்டு. இப்ப சொல்லு, கறுப்போட கறுப்பு கட்டினா இன்னா ஆகும்?"

கொஞ்சம் நில்லுங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஹீட்டருக்கு வர்றது பேட்டரியோட 12 வோல்ட். சிக்னல் ஒயரில் ஓடறது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. ஒரு கம்பெனியோட ஹீட்டர் ஒயரை, இன்னொரு கம்பெனியோட சிக்னல் ஒயரில் முறுக்கிட்டு சாவியைத் திருப்பினால்... பன்னிரண்டு வோல்ட் நேரா மூளைக்கு ஏறும். சென்சார் போனால் சில ஆயிரம். ஈ.சி.யூ. போனால்? மாடலே நின்னுபோன வண்டிக்கு அதை எங்கே தேடறது? ஹீரோ சீட்டிலிருந்து மெதுவா இறங்கினான். கை நடுங்கினது எனக்குத் தெரிஞ்சது. அது அண்ணன் வண்டி!

மூக்குல எத்தனை ரகம்?

பாய் சொன்னதை உங்களுக்கும் சொல்லிடறேன். எங்களை மாதிரி நீங்களும் முழிக்க வேண்டாம்.

சாதாரண பைக்கில் இருப்பது பெரும்பாலும் 'நேரோபேண்ட்' ரகம். ஜிர்கோனியா பீங்கான், அதன் மேலே பிளாட்டினம் பூச்சு. பெட்ரோல் அதிகமா எரிந்தால் 0.9 வோல்ட் பக்கம் காட்டும். காற்று அதிகமானால் 0.1 பக்கம் இறங்கும். நடுவில் 0.45. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைக் குடிச்சுட்டு, "உப்பு அதிகம்... உப்பு கம்மி"ன்னு மட்டும் சொல்ற ஃப்ரெண்ட் மாதிரி. எத்தனை ஸ்பூன் அதிகம்னு கேட்டால், பேந்தப் பேந்த முழிப்பான்.

எத்தனை ஸ்பூன்னு சரியாச் சொல்றவன் 'வைட்பேண்ட்'. பொதுவா அஞ்சு ஒயர். தனி கன்ட்ரோலர் வேணும். டியூனிங் பண்றவங்க கையில் இருக்கும். "இதான் ஒசத்தியாச்சே"ன்னு வாங்கி, நேரோபேண்ட் இருந்த கப்ளரில் செருகினால், மூளைக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. மூணாவதா, டைட்டானியா ரகம் ஒண்ணு உண்டு. அது வோல்ட்டே தராது, ரெசிஸ்டன்ஸை மாத்தும். பாக்க எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பேசும் பாஷை வேற வேற.

ஒயர் எண்ணிக்கைக்கும் அர்த்தம் இருக்கு. சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் இந்த மூக்கு வேலை செய்யும். ஒரே ஒயர்னா ஹீட்டர் இல்லை, புகைச் சூட்டிலேயே காயணும். அதில் பெண்ட் பைப்தான் கிரவுண்ட். மூணு, நாலு ஒயர்னா உள்ளே ஹீட்டர் இருக்கு. ஒயர் எண்ணிக்கை சரியா இருந்தாலும், ஹீட்டர் ரெசிஸ்டன்ஸ் வேறயா இருந்தால், சில வண்டிகளில் செக் லைட் அணையவே அணையாது. மரையும் அப்படித்தான். கார்களில் 18 மில்லிமீட்டர், சின்ன பைக்குகளில் பல 12 மில்லிமீட்டர். அடாப்டர் போட்டு வெளியே தள்ளி வெச்சால் முனைக்குப் புகை சரியாப் போகாது, சூடும் ஏறாது.

"மரை ஏர்றது பெரிசில்லப்பா. மூளைக்குப் புரியிற பாஷைல பேசுதா? அதான் பாக்கணும்." பாய் சொன்ன இந்த ஒரு வரிக்காகவே புதுப்பேட்டைக்கு இன்னொரு தடவை போகலாம்.

மூக்கு மட்டும் போதுமா?

"சரி பாய், சரியான சென்சாரே வாங்கிடறோம். அப்போ 535 ஓடிடும்ல? அதான் மூக்கு மோந்து, மூளை சரி பண்ணிக்குமே?" இது நான். கொஞ்சம் புத்திசாலின்னு நினைப்பு.

பாய் சிரிச்சார். அங்கேதான் அடுத்த அடி.

சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு. இது சரியாக எரியும் கணக்கு. எத்தனால் கலக்கக் கலக்க இந்த எண் கொஞ்சம் இறங்கும். ஒரே வேகத்தில் நிதானமா ஓட்டும்போது மூளை இந்தக் கணக்கைப் பிடிக்க மூக்கைக் கேட்கும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் சரி பண்ணிக்கும். ஆனா, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா? அப்போ பலம் வேணும், அதுக்கு பெட்ரோல் கூட வேணும். காற்று 12.5, 13 பங்கு போதும். நேரோபேண்ட் மூக்குக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. அதனால் மூளை அந்த நேரத்தில் மூக்கைக் கேட்காமல், மனப்பாடக் கணக்கில் பெட்ரோலை விடும்.

அந்த மனப்பாடம் எதுக்குப் போட்டது? 499 சி.சி.க்கு! என்ஜின் இப்போ 535. காற்று 7 சதவீதம் கூட உள்ளே வரும். பெட்ரோல் பழைய கணக்கிலேயே வரும். கலவை வறண்டு போகும். சூடு ஏறும். அதிலேயே இழுத்து ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகலாம். புரியுதா? நிதானமாப் போகும்போது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மூக்கு, நீங்க பறக்கிற நேரத்தில் பக்கத்தில் இருக்காது. அதுக்கு ஈ.சி.யூ. கணக்கையே மாத்தி எழுதணும். பெண்ட் பைப்பில் வைட்பேண்ட் ஒண்ணு வெச்சு, அளந்து அளந்து எழுதணும். அதுக்குத் தனிச் செலவு, தனி ஆள்.

"சரி, இவ்வளவும் பண்ணா எவ்வளவு ஏறும்?" ஹீரோ கேட்டான்.

கம்பெனிக் கணக்கே இருக்கு. கிளாசிக் 500-க்கு 27.2 குதிரை. ஜி.டி. 535-க்கு 29.1. கழிச்சுப் பாருங்க. ரெண்டு குதிரைகூட முழுசா இல்லை!

ஆர்.சி. புக்கில் யார் பெயர்?

அப்போதான் பாய் கடைசி கேள்வியைக் கேட்டார். "ஆர்.சி. புக் யார் பேர்ல இருக்கு?"

"அண்ணன் பேர்ல..."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019-ல் வந்த திருத்தத்துக்கு அப்புறம், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டுமேகூட வரலாம். யாருக்கு? ஓட்டுறவனுக்கு இல்லை. வண்டியோட ஓனருக்கு. ஏதாவது விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல பாக்கிறதும் இதைத்தான். ரேஸ் டிராக்குக்குன்னே தனியா ஒரு வண்டி வெச்சு, இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுறது வேற கதை. அண்ணன் பேரில் உள்ள வண்டியை மவுன்ட் ரோட்டில் ஓட்டுறது வேற கதை.

ஹீரோ ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. கூவம் பக்கம் பார்த்தபடி டீயைக் குடிச்சான். ஒரு வருஷம் பந்தி பரிமாறின பணம் இல்லையா? எனக்கே பாவமா இருந்தது. கடைசியில் கிளாஸைக் கீழே வெச்சுட்டு, "பழைய பிளாக்கையே ஏத்திடுங்க பாய்"னான். நல்லவேளை, 499 பிளாக்கை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாமல் சாக்கில் கட்டி வெச்சிருந்தோம்.

நீங்க வாங்கப் போறீங்களா?

அப்புறம் நடந்தது சின்ன வேலை. பழைய பிளாக், புது ரிங்ஸ், புது கேஸ்கெட். மறுநாள் பார்ட் நம்பரை எழுதி எடுத்துக்கிட்டு, அதே நம்பரில் புது சென்சார் வாங்கிட்டு வந்தோம். கப்ளர் 'டிக்'னு உட்கார்ந்தது. ஒயர் வெட்டவே இல்லை. நீங்க போனாலும் இதை மறக்காதீங்க:

பழைய சென்சாரை வீசாதீங்க. அதன் உடம்பில் இருக்கும் நம்பர்தான் உங்க அட்ரஸ்.

மரை, ஒயர் எண்ணிக்கை, ரகம், ஹீட்டர் ரெசிஸ்டன்ஸ், கப்ளர். அஞ்சும் பொருந்தினால்தான் ஜோடிப் பொருத்தம்!

ஒயரை ஒட்டியே ஆகணும்னா, நிறத்தை நம்பாதீங்க, ஒயரிங் படத்தைப் பாருங்க. ஈயம் வெச்சுப் பத்தவைக்கவும் வேண்டாம். பல சென்சார்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்று அந்த ஒயர் இழைகள் வழியாத்தான் உள்ளே போகுது. ஈயம் அந்த வழியை அடைச்சுடும். கிரிம்ப் பண்ணுங்க.

கேஸ்கெட்டுக்கு சென்சாருக்கு ஒத்துக்காத சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீங்க. அந்த ஆவி மூக்கைக் கெடுத்துடும்.

பெண்ட் பைப்பில் லீக் இருந்தால், வெளிக்காற்றை மோந்துட்டு "பெட்ரோல் பத்தலை"ன்னு மூக்கு பொய் சொல்லும். மூளை பெட்ரோலைக் கொட்டும். புது சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி லீக்கைப் பாருங்க.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். காலையில் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, ஸ்டாண்ட் போட்டுட்டு, ஹீரோ முதுகில் ஒரு தட்டு தட்டினார். "பரவால்லடா, நான் விட்டுட்டுப் போனதைவிட நல்லா ஓடுது." ஹீரோ என்னைப் பார்த்தான். நான் கரும்பைக் கடிச்சுக்கிட்டு வானத்தைப் பார்த்தேன்.

அந்த 535 பிளாக் இன்னும் எங்க ரூம் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கு. வேலைக்குப் போய், சொந்தமா ஒரு வண்டி வாங்கி, டிராக்குக்குன்னே தயார் பண்ணப் போறானாம். பண்ணட்டும்! அதுவரைக்கும், சனிக்கிழமை காலையில் ஒண்ணும் வேலை இல்லைன்னா, நீங்களும் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. அங்கே எல்லாமே கிடைக்கும். "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னு யாராவது சொன்னா மட்டும்... ஒரு டீ குடிச்சுட்டு யோசிங்க!